வழக்கத்தை வழக்காக்குவோம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் யாரையெல்லாம் நிகழ்த்துக் கலைஞர் என்று ஏற்கிறது என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக் கலைஞர் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் கழைக்கூத்தாடி இருக்கிறார், மந்திர வித்தைக்காரர் இருக்கிறார், பாம்பாட்டியும் இருக்கிறார். கடைசியில் ‘நிகழ்ச்சி நிகழ்த்தும் வேறு எவரும்’ என்று கதவையே திறந்து விட்டிருக்கிறார்கள். சபாவில் கச்சேரி செய்பவரையும் சந்தை மேட்டில் வித்தை காட்டுபவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த வாசகம் அது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது.

2012இல் அதே வரையறைக்கு ஒரு வால் ஒட்டப்பட்டது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில்துறையின் வாடிக்கையான நடைமுறைப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்குமே போடப்படுவதில்லை என்றால், அவரை நிகழ்த்துக் கலைஞராகக் கருத வேண்டியதில்லை. அவர் நிகழ்த்தியதைத் திரித்து அவருக்கு அவப்பெயர் உண்டாக்கினால் மட்டும் தடுக்கலாம், நட்டஈடு கேட்கலாம். அவ்வளவுதான்.

‘தொழில்துறையின் வாடிக்கையான நடைமுறை’ என்பதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வழக்கம். சாதியொழிப்பு அரசியலில் காலடி வைத்த யாருக்கும் இந்தச் சொல் புதிதல்ல. ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது வழக்கம். சாவுக்குப் பறையடிப்பது வழக்கம். அடித்தவருக்குக் காசாகக் கொடுக்காமல் களத்து நெல்லிலிருந்து அளந்து போடுவது வழக்கம். தனிக் குவளை வழக்கம். இவை எதையும் யாரும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே நடந்தன. அப்படிப்பட்ட ஒன்றை, ஒருவர் கலைஞரா இல்லையா என்று தீர்மானிக்கும் அளவுகோலாகச் சட்டமே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? யாருடைய பெயரைப் போடும் வழக்கம் இல்லையோ அவருக்கு உரிமை இல்லை. உரிமை இல்லாததால் பெயர் கேட்கவும் முடியாது. பெயர் இல்லாததால் உரிமையும் வராது.

இந்தக் கட்டுரை கேளிக்கைத் துறையின் வழக்கறிஞர் தொழிலைப் பற்றியது. சினிமா, ஆடியோ நிறுவனம், யூடியூப், ஓடிடி ஆகிய இடங்களில் ஒப்பந்தம் எழுதுவது, உரிமையை மாற்றிக்கொடுப்பது, பெயரையும் பங்கையும் நிர்ணயிப்பது, தகராறு வந்தால் நீதிமன்றம் ஏறுவது எல்லாம் அதில் அடக்கம். நம் இயக்கங்கள் இந்த வேலையைக் கிட்டத்தட்ட முழுதாக எதிர்த்தரப்பின் கையில் விட்டு வைத்திருக்கின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

நான் ஆய்வு செய்வது திருத்தணி வட்டாரத்தில். மலைக்கோயிலுக்குப் பெயர்போன இந்த ஊர் 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றைக்கும் பஜாரில் பாதிப் பேச்சு தெலுங்கு. ஆடிக் கிருத்திகைக்கு எல்லையின் இரு பக்கமிருந்தும் காவடிகள் வரும். காவடி தனியாக வராது. முன்னால் பம்பையும் உடுக்கையும் வரும். விடிய விடியப் பாடி, காவடி எடுத்தவரைப் படியேற்றி, மலையிறங்கும்வரை குரல் நிற்காது. பம்பைக்காரர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். நகரி, புத்தூர்ப் பக்கம் திருவிழா என்றாலும் இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றிப் பாடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பம்பைக் குழுவின் மூத்தவர் எனக்கு ஒரு முத்திரைத்தாளைக் காட்டினார். 2017இல் ஓர் ஆடியோ நிறுவனத்துக்கு எட்டுப் பாடல்கள் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். பாடல்கள் அவரே கட்டியவை. குழுவுக்கு மொத்தமாக 12,000 ரூபாய். ஒரு பக்க ஆங்கிலம், கீழே ஐந்து கையெழுத்து, அதில் இரண்டு கைநாட்டு. “இதுல இன்னா எழுதியிருக்குன்னு கேட்டீங்களாண்ணே?” என்றேன். “கையெழுத்து போட்டாதான் மீதி காசுன்னாங்கோ தம்பி. நின்னு படிக்க நேரம் ஏது?” என்றார். அந்தப் பாடல்கள் இப்போது யூடியூபில் ஓடுகின்றன. நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது. பாடியவர்கள் பெயர் இல்லை.

அந்தத் தாளில் இருந்தது சுருக்கமாக இவ்வளவுதான்: இந்தப் பதிவின் அனைத்து உரிமைகளையும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கிறோம். எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை. எந்தெந்த நாட்டுக்கு என்று இல்லை. பார்க்கிறவருக்கு எல்லாம் போய்விட்டது என்றுதான் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே உரிமை மாறும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமைக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 39-ஏ சொல்கிறது. அப்படியானால் 2017இல் போட்ட கையெழுத்தின் ஆயுள் 2022இல் முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பாடல்களை வைத்துச் சம்பாதிப்பவர் எந்த உரிமையில் சம்பாதிக்கிறார் என்று கேட்க அந்த அண்ணனுக்கு வழி இருக்கிறது. பாட்டைக் கட்டியவர் என்ற முறையில் அவருக்கு இன்னொரு பிடியும் உண்டு. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் சரிபாதிப் பங்கு கேட்கும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. படம் திரையரங்கில் ஓடும்போது மட்டும் அந்தப் பங்கு கிடையாது. மற்ற எந்த வழியில் பாட்டு பயன்பட்டாலும் உண்டு. அந்த உரிமையை நானே விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்த எழுத்து செல்லாது.

பாடியவர் என்ற முறையில் 38-ஏ பிரிவு வருகிறது. ஒருவர் நிகழ்த்துவதை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வதும் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வதும் அவருடைய தனியுரிமை. ஐம்பது ஆண்டு செல்லும். சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்துகொள்ளலாம். ஆடிக் கிருத்திகையில் கேமராவோடு வந்து பம்பைக்காரர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, அன்றைக்கே சேனலில் ஏற்றி விளம்பர வருமானம் பார்ப்பதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். தெருவில் பாடுகிறார், கோயிலில் பாடுகிறார் என்பதால் அது பொதுச்சொத்தாகிவிடாது. அடுத்து 38-பி. நிகழ்த்தியவர் தன் பெயரைச் சொல்லும்படி கேட்கலாம்.

ஆக, சட்டம் முழுக்க நமக்கு எதிரி என்று சொல்வதற்கில்லை. முத்திரைத்தாளை எழுதியவருக்கு இந்தப் பிரிவுகள் தெரிந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பக்கம் ஒரு வழக்கறிஞரும் இல்லை.

சினிமாவில் இந்தத் தாள்கள் எப்படி உருவாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வாய்ப்பேச்சே போதும். ஓடிடி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. படத்தை வாங்கும் நிறுவனம், கதையிலிருந்து பாட்டு வரை ஒவ்வொன்றின் உரிமையும் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சங்கிலி போலத் தாள் கேட்கும். நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால் வியாபாரம் நிற்கும். எனவே தயாரிப்பாளரின் வழக்கறிஞர் ஒரே மாதிரி ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கொடுக்க, புரொடக்‌ஷன் மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்புகிறார். பெரும்பாலும் பாக்கிச் சம்பளம் கொடுக்கும் நாளில்தான் தாள் நீட்டப்படுகிறது. நட்சத்திரத்தின் கையில் போகும் தாள் அவருடைய வக்கீல் திருத்திய பிறகு திரும்பி வரும். பறையடித்தவர், ஒப்பாரி பாடியவர், கூத்துக்கட்டியவர் கையில் போகும் தாள் ஐந்து நிமிடத்தில் கையெழுத்தோடு திரும்பி வரும். இருவரும் ஒரே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். ஒருவருக்கு வக்கீல் இருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

நட்சத்திரத்துக்காக நீதிமன்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015 வழக்கு ஒன்று போதும். ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் பயன்படுத்தி எடுக்கப்பட்ட ஓர் இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. ஒரு மனிதரின் பெயர், உருவம், பேசும் தோரணை ஆகியவற்றைக் காக்க இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், நீதிமன்றம் ஏற்றது. அதில் தவறு இல்லை. எழுதப்படாத உரிமையையே ஒரு நட்சத்திரத்துக்கு வாதாடிப் பெற முடிகிறது. பம்பைக்காரருக்குச் சட்டத்தில் அச்சடித்த உரிமையே இருந்தும் கேட்க ஆளில்லை.

இங்கே திருத்தணிக்குப் பக்கத்து ரயில் சந்திப்பான அரக்கோணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. பாடகர் அறிவு அந்த ஊர்க்காரர். 2021 மார்ச்சில் மாஜா தளத்தில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர் அவர். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அந்தப் பாட்டை எடுத்தார். உலகமே பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார், பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் அறிவு இல்லாமல் மேடையேறியது. பாட்டுக்கு மெட்டோ சொல்லோ யாரும் தனக்குக் கொடுக்கவில்லை, எழுதி, இசை கோத்து, பாடியது தானே என்று அறிவு பொதுவெளியில் எழுதினார். இசையமைத்ததும் தயாரித்ததும் தான்தான், வருமானம் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். தீயும் தன் தரப்பைச் சொன்னார்.

அப்போது நம்மில் பலர் இதை நன்றியா துரோகமா என்ற கேள்வியாக்கிப் பக்கம் பிரிந்து நின்றோம். சமூக வலைதளத்தில் அது ஒரு வாரத் திருவிழாவாக ஓடியது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அந்தச் சண்டை எந்தச் சட்டக் கட்டத்துக்குள் நடந்தது என்பதைப் பார்க்கவே விரும்புகிறேன். சட்டம் ஒரு பாட்டை மூன்றாக உடைக்கும். வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பதிவான ஒலி தயாரிப்பாளருடைய சொத்து. இசைப் படைப்பின் வரையறை, பாடுவதற்கான சொற்களை வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. ஒப்பாரி வைக்கும் ஒரு பாட்டியிடம் போய், அம்மா இதில் உன் சொல் எது, உன் மெட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். அழுகையில் இரண்டும் ஒன்றாகவே பிறக்கின்றன. கானா பாடுபவருக்கும் ராப் பாடுபவருக்கும் அப்படித்தான். எழுத்து ஒருவர், இசை ஒருவர், குரல் ஒருவர் என்று வேலை பிரித்த ஸ்டூடியோ முறைக்காக வெட்டப்பட்ட கட்டங்கள் இவை. நம் மக்களின் இசை இந்தக் கட்டங்களில் மூன்றாவது இடத்துக்கு, அதாவது ‘பாடினவர்’ என்ற இடத்துக்கு, எளிதாகத் தள்ளப்பட்டுவிடும். வேலை தொடங்கும் முன்பே யாருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு பங்கு என்று எழுதி வைப்பதுதான் அதற்கு மருந்து. புகழ் வந்த பிறகு அதைப் பேசினால் நட்பும் உடையும், உண்மையும் தெளியாது.

அந்தக் கதைக்கு ஓர் அடுத்த பாகமும் உண்டு. 2024 மார்ச்சில், மூன்று ஆண்டாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். அந்தக் கணக்கில் எந்தத் தரப்பு சரி என்பது தனி விவகாரம். முன்னணி இசையமைப்பாளர் ஒருவரே தன் பாட்டின் கணக்கைக் கேட்டுப் பொதுவெளிக்கு வர வேண்டியிருக்கிறது என்றால், கைநாட்டு வைத்த பம்பைக்காரருக்கு யார் கணக்குக் காட்டுவார்கள்?

கணக்குக் கேட்பதே நம் சமூகத்தில் கௌரவக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா தன் பாடல்களுக்கு உரிமை கோரும்போதெல்லாம் எத்தனை கேலி, எத்தனை மீம்! 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோதும் 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்குப் போனபோதும் பேராசைக்காரர் என்றே எழுதினார்கள். ஆடியோ நிறுவனங்கள் அதே உரிமைக்காக வழக்குப் போட்டால் அதை யாரும் பேராசை என்பதில்லை, வியாபாரம் என்கிறார்கள். அவருடைய வழக்குகளில் சட்டச் சிக்கல் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. பாட்டெழுதியவரும் உரிமை கேட்டால் என்னாகும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே விசாரணையின்போது கேட்டது. நியாயமான கேள்விதான். நான் அதோடு இன்னொன்றைச் சேர்ப்பேன்: அந்தப் பாடல்களில் தவிலும் உறுமியும் பறையும் வாசித்தவர்கள் கேட்டால்?

திருநெல்வேலிக் கூத்துக் கலைஞர் தங்கராஜ் நினைவிருக்கிறதா? 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியனின் அப்பாவாக வந்தவர். நம் தலைமுறைக்குத் திரையில் கிடைத்த மிக முக்கியமான முகங்களில் ஒன்று அவருடையது. அந்தப் புகழுக்குப் பிறகும் அவர் வறுமையில் வாழ்ந்தார் என்ற செய்தி வந்தது. பலர் ஓடிவந்து உதவினார்கள். 2023இல் இறந்தார். உதவியவர்களை வணங்குகிறேன். ஆனால் ஒரு கலைஞரின் முதுமை, செய்தி வந்து யாராவது மனமிரங்கும் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. படத்துக்கு நடித்துக் கொடுத்த கலைஞர், அந்த நிகழ்த்துதல் வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி பெறத் தகுதியுள்ளவர் என்று 38-ஏ பிரிவிலேயே இருக்கிறது. அந்த உட்பிரிவில் வேறு என்ன சொல்லியிருந்தாலும் உண்டு என்கிறது அந்த வரி. தமிழ்நாட்டில் எத்தனை தயாரிப்பு நிறுவனங்கள் துணை நடிகர்களுக்கு அதைக் கொடுக்கின்றன? எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

இயக்கத்தவருக்குச் சினிமாச் சட்டம் என்றாலே நினைவுக்கு வருவது தடை, சென்சார், எஃப்.ஐ.ஆர். மூன்றும்தான். இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்ததும் எல்லாச் சட்டக் கல்லூரியிலும் பாடம். ‘ஜெய் பீம்’ படத்துக்காகச் சூர்யா மீதும் இயக்குநர் ஞானவேல் மீதும் போடப்பட்ட வழக்கு 2022இல் ரத்தானதைக் கொண்டாடினோம். கருத்துரிமைக்கான இந்தச் சண்டைகள் தேவையானவை. அவற்றோடு, திரையில் யார் தெரிகிறார்கள் என்ற பிரதிநிதித்துவக் கேள்வியையும் நாம் பத்தாண்டாக விடாமல் கேட்டு, பதிலும் பெற்றிருக்கிறோம். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது, மார்கழியில் மக்களிசை வந்தது, பறைக்கு மேடை கிடைத்தது. திரைக்குப் பின்னால் கையெழுத்தாகும் தாளில் நம் பிரதிநிதி யார் என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டோம்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. தோழர்கள் சிலர் என்னிடம் நேரடியாகவே சொன்னார்கள்: மக்களின் கலை மக்களுடையது, அதைப் பதிப்புரிமை என்ற தனிச்சொத்து வேலிக்குள் அடைப்பது முதலாளித்துவ புத்தி இல்லையா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பம்பைப் பாட்டின் மெட்டு யாருக்கும் சொந்தமாகக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதற்காகத்தான் நிகழ்த்துநர் உரிமையைப் பிடிக்கச் சொல்கிறேன். அது மெட்டுக்கு வேலி போடாது. அதே மெட்டை அடுத்த ஊர்க் குழு நாளைக்கே பாடலாம், யாரும் தடுக்க முடியாது. அந்த உரிமை காப்பது ஒரே ஒன்றை: அந்த இரவில், அந்த மனிதரின் தொண்டையிலிருந்து வந்த அந்தக் குரலை. அது உழைப்பு. உழைப்புக்குக் கூலி கேட்பதற்கும் பொதுக் கலையைப் பூட்டுவதற்கும் சம்பந்தமில்லை. பொதுக் கலை, பொதுக் கலை என்று சொல்லி நாம் ஒதுங்கி நிற்க, ஆடியோ நிறுவனம் அந்தப் பதிவைத் தன் சொத்தாக்கி, மற்றவர் சேனலில் அது ஓடினால் புகாரும் கொடுக்கிறது. பொதுச்சொத்து என்ற பேச்சு கடைசியில் பாடியவரிடமிருந்து மட்டும்தான் சொத்தைப் பறிக்கிறது.

சிறு தயாரிப்பாளர்களிடம் பணமில்லை என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. உண்மைதான், சாதிக்கு எதிரான படங்கள் பலவும் கடனில் எடுக்கப்படுகின்றன. ஆனால் டைட்டிலில் பெயர் போடக் காசு ஆகாது. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதக் காசு ஆகாது. எத்தனை ஆண்டு, எவ்வளவு பங்கு என்று இரண்டு வரி சேர்க்கக் காசு ஆகாது. இவற்றைச் செய்யாமல் இருப்பதற்குப் பணமில்லை என்பது காரணமாக முடியாது. வழக்கமில்லை என்பதுதான் உண்மைக் காரணம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில், நம் பக்கப் படைப்பாளிகளிடமிருந்து தொடங்கலாம். சமத்துவம் பேசும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு இசைத்தொகுப்பும், தாளத்தில் கைவைத்த கடைசி ஆள் வரை பெயர் போட வேண்டும். நான் முதலில் சொன்ன அந்த 2012ஆம் ஆண்டு வாலுக்கு இதுதான் நேரடி மருந்து. பெயர் போடாதது தொழிலின் வழக்கம் என்றுதானே சட்டம் சொல்கிறது? பெயர் போடுவதை வழக்கமாக்கிவிட்டால் அந்த விலக்கு தானாகவே காலாவதியாகும். தவிர, அந்த விலக்கு செல்லப் பெயர் இல்லாதது மட்டும் போதாது, பங்கும் தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருக்க வேண்டும். பாட்டு முழுக்கப் பறை கேட்கும்போது அதைத் தற்செயல் என்று எந்த வக்கீல் சொல்வார் என்று பார்த்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்க ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, அப்படி எழுந்து நிற்பவர்களை நாம் உருவாக்க வேண்டும். முதல் தலைமுறை தலித் வழக்கறிஞர்கள் வன்கொடுமை வழக்கு, ஜாமீன், நிலம் என்று ஓடிக்கொண்டே இருப்பதை நான் பார்க்கிறேன். அந்த வேலையை விடச் சொல்லும் துணிவு யாருக்கும் வராது. ஆனால் ஒப்பந்தமும் அறிவுசார் சொத்தும் பெரிய அலுவலகங்களின் ஆங்கிலச் சொத்தாகவே கிடக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் 1925 முதல் சில ஆண்டுகள் பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தவர். வியாபாரம் எப்படித் தாளில் நடக்கிறது என்பதை அவர் நமக்கு அந்நியமான விஷயமாக நினைக்கவில்லை. சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பிகளும் தங்கைகளும் இந்தப் பாடத்தை விருப்பப் பாடமாகவாவது எடுங்கள். பத்துப் பேர் போதும், ஒரு வட்டாரத்தின் தாள்களையே மாற்றிவிடலாம்.

மூன்றாவது, இருக்கும் கதவுகளைத் தட்டலாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அது குற்ற வழக்குக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இன்னொரு வசதி தருகிறது. உரிமை பறிபோனவர், எதிரி எந்த நகரத்தில் இருந்தாலும், தான் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். திருத்தணிப் பம்பைக்காரர் வழக்குக்காகச் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை, நிறுவனம்தான் திருவள்ளூருக்கு வர வேண்டும். 2007இல் தொடங்கிய நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உதவித்தொகையோடு நின்றுவிடாமல் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு, உறுப்பினர் அட்டையோடு சேர்த்துக் கொடுக்கலாம். எல்லைப்புற ஊர்களுக்குத் தெலுங்கிலும் வேண்டும். அதில் ஐந்து கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: எத்தனை ஆண்டு, எந்தெந்த வழியில், எந்த நாடுகளில், பெயர் எங்கே வரும், பங்கு எவ்வளவு, எப்போது கணக்கு?

எண்ணினால் ஆறு வருகிறது. கணக்கு என்ற கடைசிக் கேள்வியைத்தான் நம் மக்களைக் கேட்கவே விட்டதில்லை. அதைத் தனியாகவே அச்சிடட்டும், பெரிய எழுத்தில்.

பறை அடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் பல ஊர்களில் மறுத்தார்கள். பறை மீது அவர்களுக்கு வெறுப்பில்லை. கூலியும் மரியாதையும் இல்லாமல், பிறப்பின் பெயரால் அடிக்க வேண்டியிருந்த வழக்கத்தைத்தான் மறுத்தார்கள். இன்று அதே பறையைப் பெருமையோடு கையில் எடுத்திருக்கிறோம். மேடையிலும் திரையிலும் அது அதிர்கிறது. ஆனால் அடித்தவரின் பெயர் இல்லாமல், கணக்கு இல்லாமல் அது அதிருமானால் பழைய வழக்கம் புதிய தாளில் தொடர்கிறது என்றுதான் பொருள்.

தமிழில் வழக்கமும் வழக்கும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். நம் இயக்கத்தின் வரலாறே வழக்கத்தை வழக்காக்கிய வரலாறுதான். குளத்திலும் தெருவிலும் கோயில் வாசலிலும் அதைச் செய்தோம். அடுத்த முறை ஒரு முத்திரைத்தாள் நீட்டப்படும்போது, “கொஞ்சம் இருங்க, எங்க வக்கீல் படிக்கட்டும்” என்று ஒரு பம்பைக்காரர் சொல்ல முடிய வேண்டும். அந்த வக்கீலாக உங்களில் யார் வரப்போகிறீர்கள்?